ஃபோர்மேன் சாரின் புது ஸ்டீயரிங்

ஃபோர்மேன் சாரை நினைத்தால் முதலில் அவருடைய கைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன, முகம் அப்புறம்தான். நேரான சாலையிலும் அந்தக் கைகள் தொட்டில் ஆட்டுவதுபோல ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் வைத்திருந்தார். ஸ்டீயரிங்கைக் கால்சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். ஓயாமல் ஆட்டினால்தான் வண்டி நேராகப் போகும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றிய பிறகு, அப்போது நான் மண்ணூர்பேட்டையில் ஒரு ஷெட்டில் மெக்கானிக். படுக்கையும் அங்கேதான்; மழை பெய்தால் ஏதாவது வண்டிக்குள்.

மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த ஜீப்பைத் தானே ஓட்ட வேண்டும் என்பது சாரின் ஆசை. ஸ்டீயரிங்கை மாற்றாவிட்டால் வாடகைக் கார்தான் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். ஜீப் எங்களிடம் வந்தது. தேய்ந்த ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றிப் புதியது வைத்தேன், மூட்டுகளையெல்லாம் மாற்றினேன். விரல் அசைந்தால் சக்கரம் அசைந்தது. ஓட்டிப் பார்த்தது நான்தான். சார் ஒவ்வொரு போல்டாகத் தட்டிப் பார்த்து, தொழிற்சாலைப் பழக்கத்தில் பானட்டில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். அவர் டிக் போட்டுவிட்டால் சோதனை முடிந்தது. அதற்குமேல் ஓட்டிப் பார்ப்பது அவருக்கு மரியாதைக் குறைவு.

திருமுல்லைவாயிலில் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். ஜீப்பைக் கோயில்வரை ஓட்டி வந்ததும் நான்தான். மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு ஜீப்பில் நின்றார்; நான் அவர் காலடியில் தொற்றிக்கொண்டிருந்தேன். சார் வண்டியைக் கிளப்பினார். கைகள் வழக்கம்போல ஆடின. இந்த முறை வண்டியும் கூடவே ஆடியது. மாப்பிள்ளை ஒரு கையால் மாலையையும் மறு கையால் என் தலைமுடியையும் பிடித்துக்கொண்டார். முன்னால் போன பேண்டு செட் இரண்டாகப் பிரிந்து ஓடியது. டீக்கடை வாசலில் நின்ற ஒருவர், "இன்னா நைனா, ரோடு முயுக்க கோலம் போட்டுகினு போறே?" என்றார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டியை மறித்தார். "சம்பந்தி, கொஞ்சம் வாய ஊதுங்க."

சார் டீகூடக் குடிக்காதவர். ஊதினார். ஏலக்காய் வாசனை வந்தது. அப்படியும் நம்பாமல் மாப்பிள்ளையை இறங்கி நடக்கச் சொன்னார் தாய்மாமன். மாப்பிள்ளை இறங்கியிருந்தால், குடித்துவிட்டு மருமகனை அழைக்க வந்தவர் என்ற பெயர் சாருக்கு ஆயுசுக்கும் நின்றிருக்கும். சாரின் கைகளோ நின்ற வண்டியிலும் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துதான் எனக்கு விஷயம் புரிந்தது.

தூசி அடைத்திருக்கிறது என்று சொல்லி பானட்டைத் திறந்தேன். ஸ்டீயரிங் பெட்டியின் தலையிலிருக்கும் திருகைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங்கில் பழைய தளர்ச்சி திரும்பி வந்தது. ஊர்வல வேகத்துக்கு ஆபத்தில்லை. கைகள் ஆட, வண்டி நேராக மண்டபம் போய்ச் சேர்ந்தது. "இப்பதான் சொன்ன பேச்சு கேக்குது," என்றார் சார்.

அவர் மனைவி என்னை ஓரமாக அழைத்து விசாரித்தார். உண்மையைச் சொன்னேன். "அவர்கிட்ட மூச்சு விடாதப்பா. ஆனா அப்படியே விட்டுடாத, நாளைக்குப் பக்கத்துல உக்காரப்போறது நான்தான்."

மறுவாரத்திலிருந்து, எண்ணெய் பார்க்கிறேன் என்று சேக்காட்டில் அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அந்த அம்மா சாரை உள்ளே பேச்சில் பிடித்து வைப்பார். நான் திருகைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு வருவேன். திருகு இறுக இறுகக் கைகளும் அடங்கின.

இப்போது பூந்தமல்லியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். போன வாரம் சிக்னலில் அந்த ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. சார் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பாத்தியா தம்பி, புது பார்ட்ஸ் ஆரம்பத்துல அடம் பிடிக்கும். நான்தான் ஓட்டி ஓட்டிப் பழக்கினேன்."

ஆமாம் சார் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அவசரமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.