மரம் உலுக்கும் நாளில் ஒரு விருது

விருது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். நல்ல மனசோடு கொடுக்கிறவர்களும் உலகத்தில் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு வாய்த்த மனிதர் அந்த ரகம் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒடுகத்தூரில் நான் ஆரம்பித்த புளிக் கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கும் புளியை வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, பாக்கெட் போட்டு மெட்ராஸ் வரைக்கும் அனுப்பினேன். ஒரு ஓலைக் கொட்டகையில் தொடங்கியது சில வருஷத்திலேயே பெரிய ஷெட்டாகி, சொந்த லாரியும் வந்துவிட்டது. "பொம்பளைக்கு இன்னா புளி யாவாரம்" என்று கேட்டவர்களெல்லாம் என் ஷெட்டில் தங்கள் மருமகள்களுக்கு வேலை கேட்டு வந்து நின்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு?

ஆனால் கம்பெனியின் உயிர் ஒடுகத்தூரில் இல்லை, மலைமேல் இருந்தது. மலைக்காரர்களிடம் புளியை எடைபோட்டு வாங்குவதற்கு முன்னாலேயே, பூ பிடிக்கும் காலத்தில், மரங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். எழுத்து, கையெழுத்து, முன்பணம் எதுவும் கிடையாது. பேசினவர் தோப்பின் தலைமரத்தில் தன் கையால் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினால் அந்தத் தோப்பு அவருக்கு. பழம் முற்றியதும் ஊர்க்கவுண்டர் ஒரு நாள் குறிப்பார். அந்த நாளில் மரத்தடியில் கோழி அறுத்துப் பொங்கல் வைப்பார்கள். துணி கட்டின அதே கை முதல் கிளையை உலுக்க வேண்டும். புருஷன் போனாலும் செல்லாது, பிள்ளை போனாலும் செல்லாது. ஆள் வரவில்லை என்றால் துணியை அவிழ்த்துவிடுவார்கள், அப்போது அங்கே நிற்கிறவர் கட்டிக்கொள்ளலாம். குறித்த நாளை மட்டும் தாண்ட விடமாட்டார்கள், தாண்டினால் அடுத்த வருஷம் மரம் காய்க்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த முறையெல்லாம் எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவருக்கும் தெரியும். நான் துணி கட்டின பெரிய தோப்பை எனக்கு முன்னால் வருஷா வருஷம் பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். எடையில் கை வைக்கிறார் என்று மலைக்காரர்கள் அவரை விட்டு என்னிடம் வந்தார்கள். அதற்காக அவர் முகம் சுளித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி, "தங்கச்சி, சௌக்கியமா?" என்பார். அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டாம்.

ஒரு நாள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். வேலூரில் தொழிலதிபர்கள் மாநாடு நடக்கப்போகிறதாம். வேகமாக வளர்ந்த கம்பெனி என்று எனக்கு விருது கொடுக்கப் போகிறார்களாம். சிபாரிசு செய்தது அவரேதானாம்.

"ஞாயித்துக்கெழம மாநாடு. மரம் உலுக்கறது திங்கக்கெழமதான? விருத வாங்கிகினு சாயங்காலமே பஸ் ஏறிடலாம் தங்கச்சி" என்றார்.

நான் சொல்லாமலே அவருக்குத் திங்கட்கிழமை தெரிந்திருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கும், சங்கக் கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலிகூடப் போடாதவர்கள் மேடையில் ஏற்றுகிறார்கள் என்ற பூரிப்பில் இருந்தேன்.

வேலூருக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். வாசலில் பெயர் அட்டை குத்திக்கொண்டிருந்த ஆள் என் வீட்டுக்காரரின் சட்டையில் அதைக் குத்தப் போனான். "கம்பெனி இவங்களுதுப்பா" என்று அவர் சொன்னதும், அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓனர் வரலீங்களா?" என்று மறுபடியும் அவரையே கேட்டான். அட்டையைப் பிடுங்கி நானே குத்திக்கொண்டேன்.

உள்ளே ஒரே இங்கிலீஷ். ஏற்றுமதி, இயந்திரம், வளர்ச்சி என்று ஒவ்வொருவராக எழுந்து முழங்கினார்கள். பக்கத்தில் இருந்த தோல் கம்பெனிக்காரர் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். "ஓ, புளியா" என்று சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் வீட்டில் ரசம் எதில் வைக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மைக்கில் அறிவித்தார்கள். மந்திரிக்கு வேறு வேலை வந்துவிட்டதாம், விருதுகளை நாளைக் காலை அவர் கையால்தான் தருவார்களாம். எழுந்து நேராகத் தலைவரிடம் போனேன்.

"அண்ணே, நான் கெளம்பறேன். நாளைக்கு மலைல இருக்கணும்."

"இன்னா தங்கச்சி இப்டி சொல்ற? மந்திரி பேரக் கூப்புடும்போது நீ இல்லன்னா என் மூஞ்ச எங்க வச்சிக்கறது? கவுண்டருக்குச் சொல்லி ஆள் அனுப்ச்சிட்டேன். ஒரு நாளு தள்ளி வச்சிக்கறேன்னுட்டாரு. நீ நிம்மதியா இரு."

"நாளு தள்ள மாட்டாங்களே அண்ணே."

"நான் சொன்னா தள்ளுவாங்க. இத்தன வருசம் அவங்களோட பழகனவன் நானு."

என் வீட்டுக்காரரும், "பெரியவரு சொல்றாரு, இன்னா இப்ப" என்றார். மேடையேற எனக்கும் ஆசை இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? கொட்டகையில் உட்கார்ந்து கொட்டை எடுத்து எடுத்து விரலெல்லாம் வெடித்தவள் நான். இருந்துவிட்டேன்.

மறுநாள் மந்திரி என் கம்பெனிப் பெயரைத் தப்பாகப் படித்தார். போட்டோ எடுத்தார்கள். தலைவர்தான் முதலில் கை தட்டினார். முந்தின நாள் கூடவே வந்திருந்த அவருடைய மகன் மட்டும் காலையிலிருந்தே கண்ணில் படவில்லை. ஏதோ வேலையாகப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மலையேறினேன். தோப்பை நெருங்கும்போதே மரம் அடிக்கிற சத்தம் கேட்டது. வருஷா வருஷம் எனக்காகப் புளி பொறுக்குகிற பெண்கள் கூடையோடு குனிந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தியும் நிமிரவில்லை. தலைமரத்தில் புதுத் துணி கட்டியிருந்தது.

ஊர்க்கவுண்டர் எழுந்து வந்தார். கோபம் இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நேத்து உச்சிப்பொழுது மட்டும் உனக்காகக் காத்திருந்தோம்மா. உனக்கு இனிமே மலைப்புளி வாணாம், பெரிய தொழிலுக்குப் போறேன்னு நீதான் சொல்லி அனுப்ச்சன்னு தலைவரு புள்ள சொன்னான். மந்திரி கையால மால வாங்கிகினு இருக்கறன்னும் சொன்னான். அது நெசந்தானா?"

அதில் பொய் இல்லை.

"நான் அப்டி சொல்லலீங்க கவுண்டரே. ஏமாத்திட்டாங்க."

"இருக்கும். ஆனா கோழி அறுத்தாச்சி, அவன் கை பட்டாச்சி. இனிமே பேச்சில்லம்மா."

மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த தலைவர் மகன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. "வாங்கக்கா. விருது வாங்கினீங்களாமே, அப்பா சொன்னாரு. உங்களுக்குப் புளி வேணும்னா நம்ம குடோன்லயே எடுத்துக்குங்க" என்றான்.

வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருக்கலாம். அப்பனையும் மகனையும் அங்கேயே நாறடித்திருக்கலாம். ஆனால் என் ஷெட்டில் நாற்பது பெண்கள் வேலைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். மெட்ராஸ் கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மலையில் மற்ற வியாபாரிகள் பேசின தோப்புகளெல்லாம் அதற்குள் உலுக்கி முடிந்திருந்தன.

"நல்ல புளியா பாத்துக் குடுங்க தம்பி" என்றேன்.