கறிச்சோற்றில் பங்கு

அபிராமத்துக்குக் கிழக்கே மிளகாய் போட்டுப் பிழைத்த ஒரு குடும்பத்தின் மூத்த மருமகள் இராமலட்சுமி. அவளைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்ல அன்றைக்கு ஊரில் ஆளில்லை. கஞ்சப்பிசினாறி என்றார்கள், ஆம்பளைகள் வயிற்றில் அடிக்கிறவள் என்றார்கள். அவள் காதிலும் விழும். நின்று, சொன்னது யாரென்று பார்த்து வைத்துக்கொண்டு மேலே நடப்பாள்.

மாமனார் இருந்தவரை பணமெல்லாம் அவர் மடியில் இருந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்களில் அவர் செத்துப்போனார். ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரத்தில் அவருக்குத் திதி கொடுக்க இளைய மகன் கூத்தையா போனான். கூடவே நாலு சேக்காளிகள். மறுநாள் திரும்ப வேண்டியவன் அந்த வாரக் கடைசியில்தான் ரயிலேறி வந்தான். வழிச்செலவுக்கு உழவு மாடு வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு காசு திரும்பவில்லை.

"மிச்சம் எங்க கொழுந்தனாரே?" என்றாள் இராமலட்சுமி.

"கிளப்புக் கடையில சாப்பிட்டோம். பட்டினி கெடக்கச் சொல்றீகளா மதினி?"

"அய்யாவுக்குத் திதி குடுக்கப் போனீகளா, சேக்காளிகளுக்கு விருந்து வைக்கப் போனீகளா?"

கூத்தையா காறித் துப்பினான். "ஆம்பள தின்னதுக்குப் பொம்பளைக்குக் கணக்குச் சொல்லணுமோ?"

அவள் புருஷன் மலையாண்டி பணப்பெட்டிச் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்து அவள் கையில் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டான். சந்தை நாளில் பாக்கர் ராவுத்தர் சாப்பாட்டுக் கடைக் கறிச்சோறு இல்லாமல் அவனாலும் இருக்க முடியாது. தன்னைக் கட்டிவைக்கத் தனக்கே தெரியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இராமலட்சுமி ஒரு கட்டு வைத்தாள். சந்தைக்குச் சந்தை அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு ஒரு ரூபாய். வெளியே தின்பது அதற்குள் முடிய வேண்டும். மலையாண்டி முனகிக்கொண்டே அடங்கினான். கூத்தையா குடும்பப் பேரைச் சொல்லிக் கடனுக்குத் தின்றான். விளைச்சல் வந்ததும் மிளகாய் மூட்டையாக எடுத்துக்கொள்ள ராவுத்தரிடம் சொல்லியிருந்தான். அது தெரிந்ததும் அவள் நேரே கடைக்குப் போனாள்.

"அண்ணே, ஆளுக்கு ஒரு ரூபாதான் எங்க வீட்டுச் செலவு. அதுக்கு மேல தின்னா தின்னவுகளத்தான் கேக்கணும்."

"ஆளு வந்து ஒக்காந்தா எல போடாம இருக்க முடியுமா தாயி?" என்றார் பாக்கர் ராவுத்தர்.

"போடுங்க. மூட்டையத் தூக்க மட்டும் எங்க வாசலுக்கு வந்துராதீக."

அப்போதுதான் கடைக்குள் பார்த்தாள். இலை நிறையச் சோறு, மேலே ஆட்டுக்கறிக் குழம்பு, ஓரத்தில் ஈரல் வறுவல். காலையில் அவளும் கூத்தையாவின் பெண்டாட்டி வீரலட்சுமியும் குடித்துவிட்டு வந்தது கம்பங்கூழ். மிளகாய்ப் பழம் பறித்ததும் காயப்போட்டதும் அவர்கள்தான். கறிச்சோற்றுக் கணக்குப் போட்டபோது, தானும் அந்த இரண்டு ஆம்பளைகளை மட்டும்தானே நினைத்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இங்கன இருக்கிறது நாலு வாயி. அதே ரெண்டு ரூபாதான். இனிமே ஆளுக்கு எட்டணா."

கூத்தையா தண்ணீர்ச் சொம்பை எட்டி உதைத்தான். "பொம்பளைக கிளப்புல ஒக்காந்து திங்கிறதா? தூ!"

வீரலட்சுமியும் சீறினாள். "எம் புருஷன் வயித்துல அடிச்சு எனக்கு ஊட்ட வேணாங்க்கா."

"வேணாம்னா ஒம் பங்கு பெட்டியில கெடக்கும். அவருக்குப் போகாது."

அடுத்த சந்தைக்கு இராமலட்சுமி தனியாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாட்டுத் தரகன் ஒருவன் சிரித்தான். இலையில் குழம்பு விழுந்த நேரம், உள்பக்கம் தின்றுகொண்டிருந்த கூத்தையா எச்சில் கையோடு வந்தான்.

"எந்திரிடி!" அவள் இலையை இழுத்துத் தரையில் எறிந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு எல போடுங்கண்ணே. கொட்டுனது எங் கொழுந்தனார் எட்டணாவுல கழியட்டும்."

பாக்கர் ராவுத்தர் கூத்தையாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இலை போட்டார். காரத்தில் அவள் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்காமல் தின்று முடித்தாள்.

அந்த மாதமே கூத்தையா பாகம் கேட்டான். நிலம், மாடு, பாத்திரம் எல்லாம் பிரிந்தன. வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீரலட்சுமி விடிந்ததும் வைவாள். இந்தப் பக்கமிருந்து இராமலட்சுமி ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். சந்தைக்குச் சந்தை புருஷனோடு போய் எட்டணாவுக்கு உட்கார்ந்து தின்பதை மட்டும் அவள் விடவில்லை.

சில வருஷம் கழித்து மழை பொய்த்தது. சேக்காளிகளோடு தின்றதும் குடித்ததுமாகக் கடனில் நின்ற கூத்தையா, தன் வடக்கு வயலை விற்க வந்தான். வாங்க வேறு ஆள் அமையவில்லை, இராமலட்சுமிதான் வாங்கினாள். ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் அவன் சொன்னான்:

"கடைசியில எங்க அய்யா நெலத்தத் தின்னுட்டீக மதினி."

"தின்னது நீங்க. நான் வெல குடுத்து வாங்கிருக்கேன்."

அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. மலையாண்டி செத்தபோது கூத்தையா வரவில்லை. வீரலட்சுமி மட்டும் வந்தாள். பிணத்தின் காலடியில் விழுந்து அழுதாள். பிறகு இராமலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். இராமலட்சுமியும் அவளைக் கூப்பிடவில்லை.