கல்லுக்கடியில் பார்த்த ஓடை

என் கணவர் காட்டிலாகாவில் ரேஞ்சர். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் குடியிருந்தோம். முசரவாக்கம் பஸ்ஸில் போய் இறங்கி, வரப்பு வழியாக நடந்தால் ஒரு கரடு, சின்னக் குன்றுதான்; அதன்மேல் புதர்க்காடு, அடியில் சின்ன ஓடை. மாணவிகளை அங்கே அழைத்துப் போவேன். தண்ணீருக்குள் கிடக்கும் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பவற்றை வெள்ளைத் தட்டில் உதறுவோம். வாலில் மூன்று இழைகளோடு நெளியும் பூச்சிக்குஞ்சுகள், மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள், தும்பிக் குஞ்சுகள். தண்ணீர் தெளிந்து ஓடினால்தான் இவற்றில் பலவும் பிழைக்கும்.

அந்தக் கரட்டில் புதரை வெட்டித் தைலமரம் வைக்க உத்தரவு வந்தது. முன்னால் நின்று நட்டவர் என் கணவர்தான். கன்று பிடித்துவிட்டது என்று பூரிப்போடு வீட்டுக்கு வருவார்.

அடுத்த மழைக்கு ஓடை செம்மண்ணாக இறங்கியது. வடிந்தபின் போய்ப் பார்த்தேன். கல் இடுக்கெல்லாம் சேறு அடைத்திருந்தது. தட்டில் சிவப்புப் புழுக்கள் மட்டும் சுருண்டு நெளிந்தன. மற்றவை மூச்சு முட்டிச் சாகிற சேற்றிலும் பிழைத்துக் கிடப்பவை அவை. அவற்றை ஒரு பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து கணவரிடம் காட்டினேன்.

"பூச்சி செத்துப்போச்சுன்னு நான் மேலிடத்துக்கு எழுத முடியுமா?" என்றார்.

"பூச்சி மட்டும் இல்லீங்க. தண்ணியே கெட்டுக்கினு வருதுன்னு அர்த்தம்."

"மரம் வளந்தா எல்லாம் சரியாயிடும்."

ஓடைக்கரைக் குடிசையில் ஒரு கூலிக்காரத் தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண் குழம்புக்கு நண்டு பிடிக்க வருவாள். "இப்பல்லாம் நண்டே காணோம்மா. ஊத்து தோண்டினாலும் கலங்கலாத்தான் இருக்குது. கொழந்தைக்கு எதைக் குடுக்கிறது?" என்று கேட்டாள். காய்ச்சிக் கொடு என்றேன். விறகுக்கு இருந்த புதரைத்தான் வெட்டிவிட்டார்களே என்பது எனக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தன. ஒரு கோடையில் ஓடை நின்றே போனது. அந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரும் என்னோடு வந்தார். குந்தி உட்கார்ந்து தானே கற்களைப் புரட்டினார். எல்லாவற்றின் அடியிலும் வெடித்த மண்தான். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஓடைக்கரையிலயாவது புதரை விட்டு வெக்கலாம்னு எழுதிப் பாத்தேன். ஒத்துக்கல. பக்கத்துக் கரட்டுக்குக் கன்னு வந்து எறங்கிடுச்சு" என்றார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"நடுவேன். வேற என்ன பண்றது?"

அங்கேயும் அவரே நின்று நட்டார். நான் ஓடைப் பூச்சிகளைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்த ஆரம்பித்தேன். மாணவிகள் பார்த்து வரைந்துகொண்டார்கள். உயிரோடு ஒன்றைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.