காலர் தங்கசாமி தைத்த பூச்சடை

தங்கசாமியை எங்கள் தெருவில் காலர் தங்கசாமி என்றுதான் சொல்வோம். புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையல்காரன். தையல்காரன் என்றதும் கிழிந்த டவுசரைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்தக் கம்பெனியில் ஒருத்தன் கை வைப்பான், ஒருத்தன் பை வைப்பான், ஒருத்தன் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பான். இவன் காலர் மட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி காலரில் உட்கார்ந்தவன், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"காலர்தான் அண்ணாச்சி சட்டை. மத்ததெல்லாம் சும்மா துணி" என்பான்.

என் கடைக்கு டீ குடிக்க வந்தால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான், கழுத்தைப் பார்த்துத்தான் பேசுவான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம், "சார், உங்க காலர் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு" என்று சொல்லப்போய், ராத்திரி சினிமா விட்டு எங்கே போனாய், எப்படிப் போனாய் என்று அவர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் இடையில் புகுந்து இழுத்து வந்தேன்.

அவன் பெண்டாட்டி சுதாராணி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். ஒரே மகள் முத்துச்செல்வி, ஒண்ணாங்கிளாஸ். அந்தப் பிள்ளைக்கு முன்பு அம்மை போட்டு, கண் திறக்காமல் வேப்பிலைக்குள் கிடந்தபோது, சுதாராணி இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி நேர்ந்துகொண்டாள். அன்றையிலிருந்து அந்தத் தலையில் கத்தரிக்கோல் பட்டதில்லை. நேர்ந்த முடியில் ஒரு நுனி வெட்டினாலும் ஆத்தா சொத்தில் கை வைத்த மாதிரி. முடியும் இடுப்பைத் தாண்டி வளர்ந்து கிடந்தது.

ரெண்டாயிரத்து மூணு சித்திரை. மல்லிகைப்பூ மலிந்து கிடந்த நேரம். வெள்ளிக்கிழமை மொட்டை என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் பிள்ளைக்குப் பூச்சடை தைத்து, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, முகமும் தெரிய முதுகுச் சடையும் தெரிய ஒரு போட்டோ எடுத்துவிடவேண்டும் என்பது சுதாராணியின் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. "முடி ஆத்தாளுக்கு, போட்டோ எனக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பட்டுப்பாவாடை சட்டையும் எடுத்தாயிற்று. அந்தப் பட்டுச் சட்டைக்கும் தங்கசாமி ஒரு காலர் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"பட்டுச் சட்டைக்கு எவனாவது காலர் வைப்பானா? பிள்ள பேங்கு வேலைக்கா போவுது?" என்று அவள் கத்தினதை நான் கடையிலிருந்தே கேட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் கயத்தாற்றில் அவள் தங்கச்சிக்கு வலி எடுத்துவிட்டதென்று ஆள் வர, சுதாராணி பஸ் ஏறிப் போய்விட்டாள். காலையில் என் கடை ஒத்த ரூபாய் போன் அடித்தது.

"அண்ணாச்சி, சுதாராணி பேசுதேன். இன்னும் பெறல. என்னால நகர முடியாது. போட்டோக்கார மாயகிருஷ்ணன் மத்தியானம் கல்யாண ஆர்டருக்கு வெளியூர் போறாவ. ஆளுயரக் கண்ணாடி அவியகிட்டத்தான் இருக்கு. அதுக்குள்ள முத்துச்செல்வி அப்பாவ எப்படியாவது சடை தைச்சுப் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு மொட்டை அண்ணாச்சி, இத விட்டா கெடையாது." பைசா தீர்ந்து போன் நின்றுவிட்டது.

தெருவில் ஒரு பொம்பளை கிடையாது. எல்லாரையும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் அள்ளிக்கொண்டு போயிருந்தது. தங்கசாமியிடம் சொன்னேன். அவன் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

"தைக்கிறதுதான அண்ணாச்சி? பூவா இருந்தா என்ன, போப்ளினா இருந்தா என்ன?"

என் கடை பெஞ்சில் வைத்துத்தான் வேலை நடந்தது. குளித்து, பட்டு உடுத்தி, பிள்ளை உட்கார்ந்தது. தேங்காயெண்ணெயை ஊற்றி வாரினான். எண்ணெய் பெஞ்சில் ஒழுகி என் வியாபாரம் கெட்டது தனிக்கதை.

"யப்பா, அம்மா மூணாத்தான் பிரிப்பா. நீ நாலாப் பிரிச்சிருக்க."

"நாலுன்னா பலமா இருக்கும்ட்டி."

"சடைக்கு எதுக்குப்பா பலம்?"

"ஆடாம இரி. காலர் தைக்கும்போது துணி பேசுமா?"

நாலாவதை எங்கே விடுவது என்று தெரியாமல் கடைசியில் மூன்றுக்கே வந்து சேர்ந்தான். வாழைப்பட்டையைச் சடை நீளத்துக்கு வெட்டி, அதில் மல்லிகை மொட்டை வரிசை வரிசையாய்த் தைத்தான். நடுவே கனகாம்பரம். நிஜத்தைச் சொல்லவேண்டும், அந்தத் தையல் பிரமாதம். ஒரு மொட்டு கோணவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் டீயை மறந்து நின்றார்கள். பிறகு பட்டையைச் சடைமேல் வைத்து, தெரியாமல் இருக்கவேண்டுமென்று கறுப்பு நூலை இரட்டையாய்க் கோத்து, கீழே குஞ்சத்திலிருந்து மேலே பிடரி வரைக்கும் இழுத்து இழுத்துத் தைத்தான். பிடரிக்கு வந்ததும் அவன் வேகத்தைப் பார்க்கவேண்டுமே. கண் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்க்கிறது, கை பாட்டுக்கு ஓடுகிறது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து, "ஆச்சு" என்றான்.

ஆட்டோ பிடித்தோம். காற்றில் பூ உதிராமல் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். பாதி வழியில் பார்த்தால் பிள்ளை ஆட்டோக் கூரையையே பார்த்துக்கொண்டு வருகிறது.

"ஏட்டி, மேல என்னத்தப் பாக்க?"

"நான் பாக்கல பெரியப்பா. தல தானா மேல போவுது."

"பூ கனம் அண்ணாச்சி, பழகிரும்" என்றான் தங்கசாமி.

ஸ்டுடியோ வாசலில் கல்யாண ஆர்டர் வேன் வந்து நின்றிருந்தது. மாயகிருஷ்ணன் பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார்.

"பாப்பா, நாடியக் கீழ இறக்கு."

"எறங்க மாட்டேங்கு."

"சும்மா எறக்கும்மா, மாமா கடிக்கவா போறேன்?" என்று தலையில் கை வைத்து அமுக்கினார். தலை குனிந்தது. கூடவே முதுகுப் பக்கம் சட்டை முழுசும் மேலே ஏறி இடுப்பு தெரிந்தது. தலையை விட்டார், சட்டை இறங்கியது. மறுபடி அமுக்கினார், ஏறியது. கிணற்றில் வாளி இறைக்கிற மாதிரி இருந்தது.

பிடரியை விலக்கிப் பார்த்தார். அப்புறம் தங்கசாமியைப் பார்த்தார். "வே, சடையக் காலரோட சேத்துத் தைச்சிருக்கேரு!"

தங்கசாமி குனிந்து பார்த்தான். நல்ல பதிவான தையல். ஊசியடியில் காலர் தட்டுப்பட்டதும் கை அது பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டிருக்கிறது. அவன் முகத்தில் எண்ணெய் வழிந்தது.

"பிரிச்சிருதேன், ஒரு நிமிசம்" என்று அங்கே கிடந்த கத்தரியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். கறுப்பு முடி, கறுப்பு நூல், மேலே எண்ணெய். எது நூல், எது ஆத்தா முடி?

"வெட்டாதப்பா, அம்மா கொன்னுருவா" என்றது பிள்ளை கூரையைப் பார்த்தபடியே.

"உன்ன ஒண்ணும் செய்யமாட்டாட்டி."

"என்னைய இல்ல. ஒன்னைய."

வேன்காரன் ஆரனை அமுக்கிவிட்டுக் கையை எடுக்கவில்லை. பட்டையைப் பிய்த்தால் பூ மொத்தமும் போய்விடும். இன்று விட்டால் நாளை மொட்டை. தங்கசாமிக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா அண்ணாச்சி" என்றான் என்னிடம்.

எனக்கு மாயகிருஷ்ணன் மேல் எரிச்சல். "யோவ், பிள்ள நாடி தூக்கித்தான் நிக்கும். அப்படியே எடும். மேல பாக்குறவள எடுத்தா கேமரா கெட்டா போவும்?" என்றேன். மாயகிருஷ்ணனுக்கும் வேறு வழியில்லை. "மூச்சு விடாத பாப்பா" என்றார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அவர் வேனுக்கு ஓடினார்.

சாயங்காலம் தங்கச்சிக்கு ஆண்பிள்ளை என்ற சந்தோஷத்தோடு சுதாராணி வந்து இறங்கினாள். பூவைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "அவியளா தைச்சாவ?" என்று என்னிடமே வந்து கேட்டாள். நான் கிளாஸ் கழுவப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பூவையும் பட்டையையும் பிய்த்து எடுத்துவிட்டாள். சட்டையைக் கழற்றப் போனால் பிள்ளையும் சேர்ந்து வருகிறது.

"என்ன மனுசன் நீங்க! கொண்ட ஊசி போதாதுன்னு தலையோட தைச்சா வைப்பாவ?"

"நூல மட்டும் பாத்து வெட்டிருதேன்ட்டி..."

"கத்தரி தலப்பக்கம் போச்சு, நான் மனுசியா இருக்கமாட்டேன். நேந்த முடி! காலர வெட்டுங்க."

"காலரையா?"

"பின்ன, கழுத்தையா?"

அவன் ஆயுசில் காலர் வைத்திருக்கிறானே தவிர வெட்டியதில்லை. கத்தரியை வாங்கிக்கொண்டு காலரை ஒரு தடவை நீவி விட்டான். அப்புறம் தன் தையலைத் தானே சுற்றி வெட்டினான். பட்டுக் காலர் மட்டும் பிள்ளையின் பிடரியில், சடையோடு ஒட்டியபடி நின்றது. பிள்ளை அதோடு தூங்கி, அதோடு எழுந்து, அதோடு இருக்கன்குடிக்குப் பஸ் ஏறியது.

மொட்டை போடுகிறவர் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தடவினார். கை காலரில் இடித்தது. திருப்பிப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"அண்ணாச்சி, முடி மட்டுந்தான நேந்திருக்கிய? சட்டையுமா?" என்று தங்கசாமியைக் கேட்டார்.

"எல்லாம் சேத்துத்தான்" என்றாள் சுதாராணி புருஷனைப் பார்க்காமல். "எடுங்க."

முடியும் காலருமாய் மொத்தமாக ஆத்தாளுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் போட்டோ வந்தது. வாங்கி வந்த தங்கசாமி வீட்டுக்குள் போகப் பயந்து என் கடையில் உட்கார்ந்துவிட்டான். சுதாராணியே வந்து பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடிக்குள் பின்பக்கம் பூச்சடை பூத்துக் கிடக்கிறது. முன்பக்கம் பிள்ளை நாடியைத் தூக்கி, கழுத்தை நிமிர்த்தி, ஒருத்தரையும் மதிக்காமல் நிற்கிறது. சுதாராணி வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் மொட்டைத் தலையோடு முத்துச்செல்வி பன்னைத் தின்றுகொண்டிருந்தது. போட்டோவைப் பார்த்தாள், மொட்டையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, எம்பிள்ள நிக்குறதப் பாத்தியளா? கலெக்டர் மாதிரில்லா நிக்கா!"

தங்கசாமி எழுந்து நின்றான். "அதுக்காகத்தான்ட்டி அப்படித் தைச்சேன்."

அவள் போட்டோவைப் பத்திரமாய் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என் டீ வடிகட்டியை எடுத்து அவன்மேல் ஓங்கினாள்.