லாண்டரி வண்டிக்கு ஒரு டர்போ

லாண்டரி அக்காவின் பழைய காருக்கு மேடு என்றாலே மூச்சு வாங்கும். மேட்டு உச்சியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் துவைத்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. மூட்டை ஏற்றினால் கார் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஊரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி, உடைக்கப் போட்டிருந்த ஒரு காரிலிருந்து டர்போவைக் கழற்றி வந்து வாசலில் வைத்தே மாட்டினான். வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற சாமான் அது. காற்று கூடினால் பலம் கூடும். அளவு மீறினாலோ, உள்ளே பெட்ரோல் தன்னிஷ்டத்துக்குப் பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சம்மட்டி மாதிரி அடிக்கும். நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். என்ஜின் போனால் அக்காவின் பிழைப்பும் போயிற்று.

அந்த அடியைக் கேட்கத் தம்பி ஒரு வழி வைத்திருந்தான். செம்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி என்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கினான். மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, பட்டறைக் காதுமூடியில் சொருகினான். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பாரே, அதுபோல.

ஓட்டிச் சோதித்துப் பார்க்க மூட்டைகளை ஏற்றியும் பாரம் போதாமல், அக்காவின் வீட்டுக்காரரையும் பின்னால் திணித்தார்கள்.

"ஏன் மாப்ளே, என்னை மனுஷன்னு கூப்பிட்டியா, மூட்டைன்னு கூப்பிட்டியா?"

"மூட்டை பேசாது மாமா. நீங்களும் அப்படியே இருங்க."

அக்கா கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். பக்கத்தில் தம்பி காதுமூடியோடு உட்கார்ந்தான். பாதி மேடு வரை கார் குதித்துக்கொண்டு ஏறியது.

"சுத்தமா இருக்குக்கா. இன்னும் மிதி!"

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் போன் பக்கத்திலேயே அலறினாலும் "எங்கயோ அடிக்குது" என்கிறவன் அவன். ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"காதுமூடியை எங்கிட்ட குடு. நீ ஓட்டு."

கீழே இறங்கி மறுபடி ஏறினார்கள். வளைவில் அவன் அழுத்தி மிதித்ததும், தகர டப்பாவில் மிளகைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு சத்தம்.

"காலை எடுடா! எடு!"

அவன் சட்டென்று காலை எடுத்தான். "எனக்கு ஒண்ணுமே கேக்கலையேக்கா?"

"லேத் சத்தத்துல நின்னு நின்னு உனக்கு மெல்லிசு சத்தமெல்லாம் கேக்காமப் போயிடுச்சுப்பா."

"அட, செவிடன் கட்டின வண்டியா இது?" என்றார் வீட்டுக்காரர். "நல்லாத்தானே இழுக்குது, அப்படியே விடு மாப்ளே."

தம்பியின் முகம் வாடிவிட்டது. எத்தனை நாள் உழைப்பு! அவன் கோபித்துக்கொண்டு போய்விடுவானோ என்று அக்கா பயந்தாள்.

"அக்காவுக்குக் கேட்டா இருக்குன்னுதான் அர்த்தம்," என்று சொல்லி இறங்கினான்.

என்ஜின் ஆறியதும், பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் பிளக்கைக் கழற்றினான். அதன் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், நாக்கிங் விட்டுப்போன தடயம். அவன் வாதாடவே இல்லை. டர்போவின் காற்றைக் குறைத்தான், பெட்ரோலைச் சற்றுக் கூட்டினான், பொறி விழும் நேரத்தை மயிரிழை பின்னுக்குத் தள்ளினான். மறுபடி ஏற்றம். மிளகுச் சத்தம் குறைந்தது, போகவில்லை. மறுபடி இறக்கம், ஸ்பானர், ஏற்றம். சாயங்கால வெயிலில் அக்கா கையை உயர்த்தினாள்.

"ஒண்ணுமில்லடா. மெஷின் தைக்கிற மாதிரி ஓடுது."

"இப்ப கொஞ்சம் காத்தைக் கூட்டினா முன்னால போற லாரியைப் பிடிச்சிடலாம்," என்றார் பின்சீட்டுக்காரர்.

"லாரி போகட்டும் மாமா. உச்சி வெயில்ல என்ஜின் இன்னும் சூடாகும். அதுக்காக இன்னும் ஒரு பிடி குறைச்சே வைக்கிறேன்."

அவனால் கூட்ட முடியும் என்று அக்காவுக்குத் தெரியும். முடிந்தும் குறைத்தானே, அதில்தான் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் முழு பாரத்தோடு மூன்றாவது கியரிலேயே ஏறி, விரிப்பு வாங்க வார்டு ஆள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் போய் நின்றார்கள். தம்பி பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பீங்கானில் புதிதாக ஒரு புள்ளி இல்லை.

காவலாளி வாயைப் பிளந்தார். "புது வண்டியாம்மா?"

"வண்டி பழசுதாங்க. என் தம்பி கட்டினது," என்றாள். தம்பிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.