என் கையெழுத்தில் வந்த பத்தொன்பது உறைகள்

எங்கள் வீட்டு அலமாரியின் இரண்டாம் தட்டில், புடவைகளுக்கு அடியில் ஓர் ஆல்பம் இருக்கிறது. இந்தக் கதை தொடங்கிய நாளில் அதில் பத்தொன்பது பேரின் கையெழுத்துகள் இருந்தன. வானொலி அறிவிப்பாளர்கள் ஆறு பேர், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் நான்கு பேர், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்கள் மூன்று பேர், நாடக நடிகர்கள் ஐந்து பேர், வலைப்பந்து விளையாடும் ஒரு பெண். இவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் தபாலில் கேட்டு வாங்கியவை.

நான் பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் எட்டாம் தரத்துக்குக் கடிதம் எழுதும் பாடம் நடத்தினேன். பிள்ளைகளுக்கு மாதிரியாக, ஓய்வுபெற்ற ஒரு வானொலி அறிவிப்பாளருக்கு நானே கரும்பலகையில் ஒரு கடிதம் எழுதிக் காட்டினேன். எழுதியதை வீணாக்குவானேன் என்று தாளில் படி எடுத்துத் தபாலிலும் போட்டேன். பதினோராம் நாள் அவருடைய படம் கையெழுத்தோடு வந்தது. அன்றிலிருந்து பிடித்தது இது.

எனக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஒருவரிடம் ஒரு தடவைதான் கேட்பேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத மாட்டேன். இந்தியாவுக்கு எழுதுவதில்லை, ஏனென்றால் நம் இலங்கை முத்திரையை ஒட்டிய பதில் உறை அங்கே செல்லாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்தப் பதில் உறைதான். என் பெயரையும் விலாசத்தையும் நானே எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டாக மடித்துக் கடிதத்தோடு வைத்துவிடுவேன். பெரிய மனிதர்களுக்கு உறை தேடவும் விலாசம் எழுதவும் நேரம் இருக்காது. கையெழுத்துப் போட்டு, ஒட்டி, பெட்டியில் போட்டால் போதும்.

வந்த கையெழுத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பேன். பேனா அழுந்திய தடம் தெரிந்தால் கையால் போட்டது. தெரியாவிட்டால் அச்சு. பிறகு ஒரு பயிற்சிப் புத்தகத்தில் அனுப்பிய நாள், வந்த நாள், இடையில் எத்தனை நாள், அசலா அச்சா என்று நான்கு நிரலில் பதிவேன். நாற்பத்தொரு கடிதங்கள் போனதில் பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. பத்தொன்பதில் நான்கு அச்சு. இன்னும் மூன்றைச் செயலாளர்கள் போட்டிருப்பார்களோ என்று சந்தேகம்.

ஆல்பத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. சிரிப்பார்கள் என்று கூச்சம். என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். "இன்னைக்கு யாரு கிறுக்கி அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவார்.

ஆனால் எங்கள் தோட்டத்தில் தபால் என்பது ரகசியம் அல்ல. எல்லாருக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயர். கடிதப் பையைத் தபாலகத்திலிருந்து எடுத்து வருபவர், பகல் வேளையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்து நிற்பார். கூடையோடு வரிசையில் நிற்கிறவர்களிடம் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். அந்த நேரம் நான் பாடசாலையில் இருப்பேன். ஆகவே எனக்கு வரும் உறையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவார். அது அக்காவிடம் போய்ச் சேருமுன் இருபது கைகள் மாறியிருக்கும். சில உறைகளின் ஓரத்தில் கொழுந்துச் சாறு பச்சையாகப் பதிந்திருக்கும்.

அந்த இருபது பேருக்கும் என் கையெழுத்து தெரியும். இந்தத் தோட்டத்தில் பதினைந்து வருடமாகக் கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதுவது நான்தான். விலாசத்தின் கடைசி வரிக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கோட்டைப் பார்த்தாலே, "டீச்சர் எழுதின கவரு" என்று எழுத்துத் தெரியாதவரும் சொல்லிவிடுவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் என்னிடம் ஐந்து வருடம் படித்தவள். அவளுடைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் நான் பெயர் எழுதப்போகிற நாளை அவள் பத்தாம் தரத்தில் இருக்கும்போதே நினைத்து வைத்திருந்தேன். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நீலப் பேனா இரண்டு புதிதாக வாங்கினேன். அளவுகோலைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

திங்கள் வரவில்லை. செவ்வாயும் புதனும் வரவில்லை. வியாழக்கிழமை காலை பாடசாலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அக்கா பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பதற்கு முன் அவர் எப்போதும் கையில் இருப்பதைக் கீழே வைப்பார்.

"உனக்குத் தெரியாதா? பெயரெல்லாம் டவுன்ல கம்ப்யூட்டர்ல அடிச்சி ஒட்டப்போறாங்களாம்."

"ஏன்?"

"உன் கைக்கு ராசி இல்லையாம். நீ போடுற லெட்டரு ஒன்னு விடாம திரும்பி வருதாம். மடுவத்துல இதுதான் பேச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு வருடமாக என் கையெழுத்தில், என் கோட்டோடு, என் பெயருக்கே உறைகள் வந்துகொண்டிருந்தன. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? டீச்சர் யாருக்கோ எழுதுகிறார், போய்ச் சேராமல் திரும்பி வருகிறது, பாவம். இப்படியே பத்தொன்பது தடவை பரிதாபப்பட்டிருக்கிறார்கள். அந்த ராசி கெட்ட கையில் கல்யாண உறைகளை யார் கொடுப்பார்கள்?

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றேன்.

"ஒரு ஆறு மாசமாத் தெரியும். நல்லா இருந்திச்சி, அதான் சொல்லல."

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடையில் கூட்டம் என்று அக்கா கட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அது மேசையில் பிரிக்காமல் இருந்தது.

"அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க டீச்சர்," என்று நான் கேட்குமுன்பே அக்கா சொன்னார். பிறகு மெதுவாக, "பத்தொம்போது வந்திருக்கு. நாந்தானே கொண்டாந்து குடுத்தேன்," என்றார். எண்ணிக்கையில் எனக்குச் சளைத்தவர் அல்ல.

ஆல்பத்தைத் திறந்து காட்டினேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இவரு யாரு?"

"கிரிக்கெட் விளையாடுறவர்."

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்குப் படம் அனுப்புறாரு?"

"நான் கேட்டேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய மகள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் உறை என்றால் என்ன என்பதை வகுப்பில் விளக்குவதுபோல் இரண்டு தடவை விளக்கினேன். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு வெளங்குதுங்க. ஆனா மடுவத்துல என்ன சொல்லுவாங்க தெரியுமா? டீச்சரே கிறுக்கி, டீச்சரே கவருல போட்டு, டீச்சரே அனுப்பிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன்."

ராசி இல்லாதவள் என்பதிலிருந்து கள்ளக் கையெழுத்துக்காரி என்பதற்கு ஒரே நாளில் வந்துவிட்டேன். "சரி, என்ன செய்தால் நம்புவீங்க?" என்று கேட்டேன்.

அக்கா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். நான் யாருக்காவது இன்னொரு கடிதம் எழுத வேண்டும். போகிற உறை என் கையெழுத்தில் இருக்கலாம், அதற்கு ராசி இருக்கிறதா என்று பார்க்கத்தானே இவ்வளவும். வருகிற உறையில் மட்டும் அக்கா எழுதுவார். அதை நான் தொடக்கூடாது. இரண்டு கிழமைக்குள் பதில் வந்தால் பத்திரிகை உறைகள் எனக்கு. வராவிட்டால் கம்ப்யூட்டருக்கு.

இரண்டு கிழமை என்பது குறுகிய தவணை. பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பதினான்கு நாளுக்குள் பதில் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் வலைப்பந்து விளையாடும் பெண், அவர் வெளிநாடு போயிருந்தார். மற்றவர் அந்த முதல் வானொலி அறிவிப்பாளர். ஒருவரிடம் ஒரு தடவைதான் என்ற ஒழுங்கை அன்று மீறினேன். அதைப் புத்தகத்தில் சிவப்பு மையில் பதிந்தும் வைத்தேன்.

"காலையில பொறந்தநாள் வாழ்த்து வாசிப்பாரே, அவரா?" என்று அக்காவின் முகம் மலர்ந்தது. "எங்க மூத்ததுக்கு அஞ்சு வயசுல பேரு வாசிச்சாரு. அவருக்குன்னா எழுதுங்க."

அக்கா உறையில் எழுத அரை மணி நேரம் எடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். அளவுகோலை நீட்டினேன், வேண்டாம் என்றார். எழுதி முடித்ததும் அவரே மடித்து, என் கடிதத்தோடு வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். பரீட்சை மண்டபத்தில் இவ்வளவு கண்டிப்பை நான் காட்டியதில்லை.

திங்களன்று தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் பெரும் மழை. மண் சரிந்து இரண்டு நாள் ரயில் வரவில்லை. பதினோராம் நாள் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் மாலை கணவர், "கம்ப்யூட்டர் எழுத்தும் அழகாத்தான் இருக்கும்," என்றார். நான் அவருக்கு அன்று தேநீர் கொடுக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் ஞாயிறு.

பதினான்காம் நாள் கடைசிப் பாடவேளையில், பாடசாலைப் படலைக்கு வெளியே அக்காவின் மகள் மூச்சு வாங்க நின்றாள்.

"டீச்சர், லெட்டர் வந்திருச்சி."

"குடு."

"அம்மா தர மாட்டேங்குறாங்க."

மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்காவின் வீட்டு முன்சுவரில், குடும்பப் படம் இருந்த சட்டத்துக்குள் அந்த அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். குடும்பம் மேசை மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. படத்தின் கீழே 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்து. தொட்டுப் பார்க்காமலே தெரிந்தது, அசல்.

"எனக்கு வந்திருக்குங்க டீச்சர்," என்றார் அக்கா.

"அது நான் கேட்ட கையெழுத்துக்கா."

"கவருல எம் பேருதானே இருக்கு. மடுவத்துல எம் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. எல்லாரும் பார்த்தாங்க."

உறையை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, ஏறி இறங்கி, அக்காவின் பெயர், லயத்து வீட்டு இலக்கம், தோட்டத்தின் பெயர்.

"ஏன்க்கா உங்க பேர எழுதினீங்க?"

"எனக்கு எழுதத் தெரிஞ்ச விலாசம் அது ஒன்னுதாங்க. ஆஸ்பத்திரிக் கார்டைப் பார்த்துப் பார்த்துப் படிச்சேன். அதுக்கு மேல நீங்க சொல்லிக் குடுக்கலையே."

படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டேன். அக்கா உள்ளே போய்ப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து என் கைகளில் வைத்தார். மேலே ஒரு பொட்டுக் குங்குமம் வைத்திருந்தார். "கோடு நேரா இழுங்க," என்றார்.

தொண்ணூற்று நான்கு உறைகள். மூன்று மாலைகளில் முடித்தேன். அறுபத்து மூன்று கையில் கொடுப்பவை, முப்பத்தொன்று தபாலுக்கு. ஒவ்வொன்றின் கீழும் கோடு. கணவர் பசை தடவினார். தடவிக்கொண்டே, "முப்பத்தொன்னுல எத்தனை திரும்பி வருமோ," என்றார்.

ஒன்று வந்தது.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, கடிதப் பை கொண்டுவருபவர் பாடசாலைக்கே வந்தார். அவர் அங்கே வருவதில்லை. செய்தித்தாளுக்குள் சுருட்டி வைத்திருந்ததை மேசையில் வைத்தார்.

"இதை மடுவத்துல குடுக்கலைங்க டீச்சர்."

மொனராகலையில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவின் மாமா மகனுக்கு எழுதிய உறை. குறுக்கே ஒரு கோடு அடித்து, 'வீடு மாறிவிட்டார்' என்று எழுதித் தபால்காரர் ஒருவர் கையெழுத்திட்டிருந்தார்.

"யாருக்கும் சொல்லிடாதீங்கண்ணே," என்றேன்.

"நானா? அந்தப் பத்தொம்போதும் திரும்பி வந்ததுன்னு மொதல்ல சொன்னது நாந்தான். அதுக்கு ஈடாப் போகட்டும்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அன்றே அந்த மாமா மகனின் தொலைபேசி இலக்கத்தை மணப்பெண்ணிடம் வேறு காரணம் சொல்லி வாங்கி, நானே அழைத்து விபரம் சொன்னேன். பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அவர் குடும்பத்தோடு வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். தொண்ணூற்று நான்கும் போய்ச் சேர்ந்ததாக அக்கா இன்றும் மடுவத்தில் சொல்கிறார். நான் மறுத்ததில்லை.

வந்த உறையைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. ஆல்பத்தின் இருபதாம் இடம் வெறுமையாக இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். 'வீடு மாறிவிட்டார்' என்பதற்குக் கீழே பேனா நன்றாக அழுந்தியிருந்தது. புத்தகத்தில் இப்படிப் பதிந்திருக்கிறேன்: இலக்கம் இருபது. மொனராகலைத் தபால்காரர். கேட்காமல் வந்தது. ஒன்பது நாள். அசல்.