அத்தை கல்யாணத்தில் நான் பார்த்த மணி

எனக்கு அப்போது எட்டு வயது. கடிகாரம் பார்த்து மணி சொல்லக் கற்றுக்கொண்டு பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர் மிஷன் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி. ஊர் என்றால், சோழவந்தானுக்குப் பக்கத்தில் வைகைக் கரையோரம் ஒரு சின்ன கிராமம். துரை அங்கே பாதிரியார். என் அப்பா அவருக்குக் கீழே உபதேசியார்; அவர் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவர். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் நான் மணி சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைதான் அத்தையின் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தது.

அத்தை அப்பாவின் தங்கை. வயது இருபத்தெட்டு. அந்தக் காலத்தில் அது என்ன வயது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போயிருந்தன. கடைசியில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு வாத்தியார் அமைந்தார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிக்கை வாசித்து, சனிக்கிழமை நாலு மணிக்குக் கல்யாணம் என்று குறித்தார்கள். வியாழக்கிழமை புயல் அடித்தது.

சாதாரணக் காற்றா அது! வெற்றிலைக் கொடிக்கால்கள் எல்லாம் தரையோடு படுத்துவிட்டன. பங்களாவின் ஓடுகள் பறந்து, துரை குடும்பமே பள்ளிக்கூட அறையில் வந்து படுத்தது. அவருடைய பையன்கள் இருவரும் எங்கள் வீட்டுக் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றார்கள். கோயிலுக்குப் பாதிக் கூரை இல்லை; மேற்குச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. துரை பனங்கட்டைகளால் சுவருக்கு முட்டுக்கொடுத்து, கல்யாணம் கோயிலுக்குள்ளேயே நடக்கும் என்றார்.

ஆனால் ஒரு சிக்கல். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கிறிஸ்தவக் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது என்பது சர்க்கார் சட்டம். மீறினால் பாதிரியாருக்கே ஜெயில்.

நாலு மணி போயிற்று, ஐந்து போயிற்று. ஆற்றில் வெள்ளம். அத்தை வெள்ளைச் சேலையில் சிலையாக உட்கார்ந்திருந்தாள். அம்மா மட்டும் “வந்துருவாக, வந்துருவாக” என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். இருட்டிய பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் பரிசலில் வந்து இறங்கினார்கள், சொட்டச் சொட்ட நனைந்து. மாப்பிள்ளையின் தாயாருக்கு முதலிலிருந்தே இந்தச் சம்பந்தத்தில் அரை மனசு. கிறிஸ்து வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் சகுனம் அவரை விடவில்லை.

“இம்புட்டுத் தடங்கல். கோயிலே இடிஞ்சு கெடக்கு. இன்னைக்கு முடியலைன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

அவசர அவசரமாக ஆராதனை தொடங்கியது. சுவரிலிருந்து காரை உதிர்ந்துகொண்டிருந்தது. துரையின் கடிகாரம் மேஜைமேல், அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. பூத்தட்டோடு அதற்கு நேர் எதிரே நான். சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

“ஏழு அடிச்சு அஞ்சு நிமிஷம்!” என்றேன், கணீரென்று.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்துவிட்டார். “தொரைகளே, புள்ள சொல்றது நெசமா? அப்பக் கல்யாணம் செல்லாதுல்ல?”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

துரை கடிகாரத்தை எடுத்தார். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு கொய்யாக்காய்ப் பொய்க்காகச் சொந்த மகனையே வெயிலில் முட்டிபோட வைத்த மனுஷன். வெகுநேரம் முள்ளையே பார்த்தார். பிறகு மூடியைப் பட்டென்று மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“மணி ஆறு ஐம்பது. பிள்ளை தவறாய் வாசித்தாள்” என்றார், தம்முடைய வேதப்புத்தகத் தமிழில்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் தோளில் கிள்ளினார் பாருங்கள், இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். துரைசானியும் தலையைக் குனிந்தபடி, “அவளுக்கு இன்னும் சரியாய்த் தெரியாது” என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. இரண்டு கைவிரலிலும் எண்ணி எண்ணிக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே! தாலி ஏறி, எல்லோரும் பாடியபோது நான் மட்டும் பாடவில்லை. அழுதுகொண்டே நின்றேன்.

மறுநாள் ஞாயிறு, கர்த்தருடைய பந்தி. பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்று துரை ஒவ்வொரு பந்தியிலும் சொல்வார். கூரையில்லாத பக்கம் வெயில் சுள்ளென்று விழுந்தது. அத்தை புருஷனோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. துரை வரிசையாக எல்லோருக்கும் அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்தார். கடைசியில் வழக்கமாகத் தாமும் எடுத்துக்கொள்வார். அன்று எடுக்கவில்லை. மிச்ச அப்பத்தைத் துணியால் மூடிவிட்டு, பெஞ்சோரமாக மண்டியிட்டுக்கொண்டார். அடுத்த மாதப் பந்தியிலும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

மழையில் நனைந்ததில் காய்ச்சல், வாய் கசக்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கியவருக்கு நன்றாக வேண்டும் என்றும்.